யாருக்குத் தெரிகிறது?

பழைய தமிழ் நாளிதழ்களைப் புரட்டுவோர் கண்ணில் அடிக்கடி படும் வினைச்சொல் ஒன்று உண்டு. ‘தெரிகிறது’ என்பதே அது. ‘அமைச்சரவையில் மாற்றம் வரும் என்று தெரிகிறது’, ‘திருடியவன் வெளியூருக்கு ஓடிவிட்டதாகத் தெரிகிறது’ என்று, செய்தி எதுவாயினும் அதன் முடிவில் இச்சொல் வந்து நிற்கும். இதனை வெறும் நடை வழக்கம் என்று நாம் கடந்து போய்விடலாகாது.

தமிழில் ‘தெரிகிறது’ என்றால், தெரிந்துகொள்பவர் நான்காம் வேற்றுமையில் உடன் வருவார். ‘எனக்குத் தெரிகிறது’, ‘ஊருக்கே தெரியும்’ என்கிறோம். திருக்குறளில் ‘தெரிந்து செயல்வகை’, ‘தெரிந்து தெளிதல்’, ‘தெரிந்து வினையாடல்’ என மூன்று அதிகாரத் தலைப்புகளில் இவ்வினை அமைந்திருக்கிறது. அங்கே தெரிதல் என்பது ஆராய்தல். ஆராய்பவன் ஒருவன் உண்டு. செய்தித்தாளிலோ அந்த ஆள் மறைந்துவிட்டான். தெரிவது ஆசிரியருக்கா, நிருபருக்கா, காவல் நிலையத்தாருக்கா? வாக்கியத்தில் விடையில்லை.

இவ்வழக்கு வேரூன்றியதற்குக் காரணங்கள் உண்டு. 1882இல் தொடங்கிய சுதேசமித்திரன் 1899இல் நாளிதழாயிற்று. 1904இல் பாரதியார் அங்கே உதவியாசிரியராகச் சேர்ந்தபோது அவருக்கு வாய்த்த முக்கியப் பணி, ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்குவது. செய்வோனைச் சொல்லாத செயப்பாட்டு வாக்கியங்கள் ஆங்கிலச் செய்தி நடையில் மிகுதி. அவற்றை விரைந்து தமிழில் தர ‘தெரிகிறது’, ‘கூறப்படுகிறது’, ‘நம்பப்படுகிறது’ ஆகியவை கைகொடுத்தன.

அச்சமும் ஒரு காரணம். சுதேசமித்திரனை நிறுவிய ஜி. சுப்பிரமணிய ஐயரே 1908இல் இராஜத்துரோகக் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார். 1910இன் அச்சகச் சட்டம் பிணைத்தொகை கேட்டு இதழ்களின் குரல்வளையைப் பிடித்தது. அத்தகைய நாளில் செய்தி தந்தவரை மறைப்பது கோழைத்தனமன்று. நம்பிச் சொன்னவரைக் காக்கும் கடமை. ஆகவே இச்சொல்லை முற்றிலும் பழிக்க நாம் முன்வரவில்லை.

ஆயினும், வல்லவரிடமிருந்து எளியவரைக் காத்த கேடயமே எளியவர்மீது வீசும் கத்தியாகவும் ஆயிற்று. ‘கலவரத்தைத் தூண்டியவர் இந்தக் கடைக்காரரே என்று தெரிகிறது’ என ஓர் இதழ் எழுதுவதாகக் கொள்வோம். விசாரணை இன்னும் தொடங்கவில்லை. சாட்சி எவரும் முன்வரவில்லை. மறுநாள் காலை அவர் கடைக்கு ஆள் வராது. அவர் மகளுக்குப் பேசிய சம்பந்தம் நின்றுபோகும். பின்னர் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தாலும், ஊராரின் நினைவில் அந்த ஒற்றை வினைச்சொல்லே எஞ்சும்.

ஹதீஸ் கலை இவ்விடத்தில் நமக்கொரு அளவுகோலைத் தருகிறது. ‘இன்னார் எமக்கு அறிவித்தார்’ என்று ஆள் பெயருடன் சொல்வது அக்கலையின் உறுதியான முறை. பலவீனமான செய்தியை உறுதிச் சொல்லால் கூறலாகாது. ‘அறிவிக்கப்பட்டுள்ளது’ என்ற செயப்பாட்டு வடிவிலேயே கூற வேண்டும் என்று இமாம் நவவீ (ரஹ்) போன்ற அறிஞர்கள் வலியுறுத்தினர். அங்கே அவ்வடிவம் ஓர் எச்சரிக்கை. இதில் ஐயமுண்டு என்பதைக் கற்றவர் உடனே உணர்வர். ‘கூறப்படுகிறது’ என்பதில் அந்த எச்சரிக்கை ஓரளவேனும் உண்டு. ‘தெரிகிறது’ என்பதோ ஐயத்துக்கு அறிவின் உடையை அணிவித்துவிடுகிறது. கேள்விப்பட்டது, கண்ணால் கண்டதுபோல் தோன்றுகிறது. இச்சொல்லின் குற்றம் இதுவே.

பரிகாரம் கடினமானதன்று. ‘காவல்துறையினர் கூறுகின்றனர்’ என்றோ, ‘அயலார் இருவர் எம்மிடம் சொன்னார்கள்’ என்றோ எழுதினால் பொறுப்பு யாருடையது என்பது விளங்கும். பெயரைச் சொல்ல இயலாதபோது, ‘பெயர் வெளியிட விரும்பாத ஒருவர் சொன்னார், எம்மால் உறுதி செய்ய இயலவில்லை’ என்று எழுதுவதில் இழுக்கொன்றுமில்லை.

எழுதுவோர்க்கு மட்டுமன்று, படிப்போர்க்கும் இதில் பங்குண்டு. ஒருவரின் மானத்தைத் தொடும் செய்தி ‘தெரிகிறது’ என்று முடியுமானால், அதை அடுத்த வீட்டாரிடம் சொல்வதற்கு முன் ‘யாருக்கு?’ என்று ஒருமுறை கேட்போம். விடை கிடைக்கும்வரை, தெரியாது என்பதே நம் விடையாக இருக்கட்டும்.