பலஸ்தீனத்தை வாசித்த யாழ்ப்பாணம்

எம்.ஏ. நுஃமான் தமிழில் தந்த 'பலஸ்தீனக் கவிதைகள்' 1981இல் வெளிவந்தது, யாழ். பொது நூலகம் எரிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். அவர் அப்போது யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விரிவுரையாளர். மஹ்மூத் தர்வீஷின் மண்ணைக் குடாநாட்டு இளைஞர்கள் தமது மண்ணாகவே வாசித்தனர். ஆங்கிலம் வழி வந்த தமிழாயினும் அதன் நேரடித்தன்மை குன்றவில்லை. எண்பதுகளின் ஈழத்து எதிர்ப்புக் கவிதையில் அந்தத் தடம் தெரிகிறது. வாசகர் பெருகினர், விரிவாக்கிய பதிப்பும் 2000இல் வந்தது.

என் மனக்குறை அந்த வாசிப்புப் பற்றியது. எதிர்ப்பை எடுத்துக்கொண்டவர்கள், வீடிழந்தவனின் குரலை ஏன் தாண்டிச் சென்றார்கள்? 1990 ஒக்டோபர் 30இல் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணிநேர அவகாசத்தில் வெளியேற்றினர். அந்தக் கவிதைகளின் வாசகர்களிடமிருந்து அன்று எழுந்த குரல்கள் மிகச் சில. (வாய்திறக்க அஞ்சிய காலம் என்பதையும் நான் மறக்கவில்லை.) புத்தளத்து அகதிக் கொட்டிலில் இருந்து படித்தவனுக்கோ அது வேறொரு நூல்.