2024: என் ஓட்டு இவர்களுக்கு

நல்ல நடிப்பு என்றால் நம்மூரில் கண்ணீர், கத்தல், மூச்சுவிடாத வசனம். 2024-ன் தமிழ்ப் படங்களில் என் பட்டியல் கொஞ்சம் வேறு மாதிரி. சண்டைக்கு வராதீர்கள்.

முதலிடம் 'கொட்டுக்காளி' அன்னா பென். வேறு சாதிப் பையனைக் காதலித்தவளுக்குப் 'பேய் ஓட்ட' ஆட்டோவில் கூட்டிப் போகிறார்கள். தொண்டை கட்டின சூரி எல்லோரையும் போட்டு அடிக்கிறார். இந்தப் பெண் கிட்டத்தட்ட ஒரே ஒரு தரம்தான் வாய் திறக்கிறாள். மிச்சமெல்லாம் பார்வை. பின்னணி இசைகூட ஒத்தாசைக்குக் கிடையாது.

அடுத்தது 'மெய்யழகன்' அரவிந்த் சாமி. கார்த்தி வெகுளியாகப் பேசிக்கொண்டே இருக்க, இவர் கேட்கிறார். அவ்வளவுதான். பாசத்தைக் கொட்டுகிறவனின் பெயர்கூடத் தெரியவில்லையே என்ற கூச்சம் முகத்தில் மெள்ள ஏறுவதைப் பாருங்கள். பேசி நடிப்பதைவிடக் கேட்டு நடிப்பது கஷ்டம்.

மூன்றாவது, 'ஜே.பேபி' ஊர்வசி. இவர் விதிவிலக்கு. ஓயாமல் பேசுகிறார். மனம் பிசகிய, வீட்டைவிட்டுக் காணாமல்போன தாய். அவர் சிரிக்கவைக்கும்போதே, நம் வீட்டுப் பெரியவர்களைச் சரியாகக் கவனிக்கிறோமா என்று உறுத்துகிறது.

அடுத்த படத்தில் வசனம் பேசுகிறவரை விட்டுவிட்டு எதிரே நிற்பவரைக் கவனியுங்கள். பாதி நடிப்பு அங்கேதான் நடக்கிறது.