மலைக்கு ஏற்ற துணி
நைந்த வேட்டியைக் கிழித்து முக்கோணமாக மடித்துக் கட்டும் துணிக்கு நிகரான டயப்பர் நீலகிரிக்கு இன்னும் வரவில்லை என்பேன். சுமார் 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில், ஆடி மாதம் துவைப்பது எளிது, உலர்த்துவதுதான் பாடு. கடைத் துணி டயப்பரின் உள்திண்டு பல அடுக்காகத் தைத்தது. தொட்டால் காய்ந்தது போலிருக்கும், நடுவில் ஈரம் நிற்கும். வேட்டித் துண்டு பிரித்தால் ஒற்றை அடுக்கு. சட்டென உறிஞ்சும், கொடியில் சீக்கிரம் காயும். நனைந்ததும் மாற்றாவிட்டால் பிள்ளைக்குக் குளிருமே என்பார்கள். நியாயம்தான், இரவுக்கும் பயணத்துக்கும் ஒருமுறை மாட்டி எறியும் பிளாஸ்டிக் டயப்பர் இருக்கட்டும். பிளாஸ்டிக் பைக்கே தடை போட்ட மாவட்டத்தில் அதை நாள் முழுக்க மாட்டுவதுதான் நெருடுகிறது. சோப்பு போக அலசினால் போதும். வாசனைத் திரவம் வேண்டாம், அது நூலில் படிந்து உறிஞ்சும் திறனைக் குறைத்துவிடும்.