குரங்கை விழுங்கிய கோழி

நவம்பர் பிறந்தால் பெங்களூர் ஆடுகோடி மெயின் ரோட்டில் மஞ்சள் சிவப்புத் தோரணம் ஏறிவிடும். கன்னட ராஜ்யோத்சவப் பந்தல் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே எப்படியும் ஒருதரம் பாடகர் சி. அஸ்வத் வந்துவிடுவார், 'கோடகன கோளி' பாட்டோடு. தமிழ் வீடுகளிலும் அதற்குத் தலையாட்டுகிறவர்கள் உண்டு.

குரங்கைக் கோழி விழுங்கிவிட்டது, பாரம்மா என்று ஒருவன் தங்கையைக் கூப்பிட்டுக் காட்டுகிறான். அங்கிருந்து வரிசையாக விழுங்கல்தான். யானை ஆட்டின் வாய்க்குள் போகிறது. சுண்ணாம்பைச் சுவரும், உலக்கையை உரலும் விழுங்குகின்றன. ஆட வந்தவளை மத்தளம் தின்றுவிடுகிறது. நாம் சிரித்துக்கொண்டே வர, கடைசிச் சரணத்தில் குரு கோவிந்தரின் பாதம் பாடுகிறவனையே விழுங்கிவிடுகிறது.

கட்டியவர் சிசுநாள ஷரீஃப் (1819–1889). ஊர், இன்றைய ஹாவேரி மாவட்டத்தில் இருக்கிறது. முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, கோவிந்த பட்டர் என்ற பிராமணரைக் குருவாக வரித்துக்கொண்டவர். சித்தர் பாடல் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்தப் புதிர்ப் பேச்சு புதிதல்ல. குதம்பைச் சித்தரும் ஒரு பெண்ணை அழைத்து அழைத்துத்தானே பாடினார்? ஆனால் ஷரீஃப் கையில் எடுப்பது உரலும் உலக்கையும் தறியும். ஞானத்துக்கென்று தனிச் சாமான் எதுவும் அவரிடம் கிடையாது.

அஸ்வத் (1939–2009) பெங்களூர் ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே பாடியவர். கன்னடக் கவிதைகளுக்கு மெட்டுப் போட்டுப் பாடும் சுகம சங்கீதத்தில் அவர் பெரிய பெயர். எளிது என்று பொருள்படும் 'சுகம' என்ற அடைமொழி மட்டும் அந்தத் தொண்டைக்குக் கொஞ்சமும் பொருந்தாது. மேல் ஸ்தாயியில் குரல் கரகரக்கும், உடையப் போகிறதோ என்று நமக்குப் பயம் வரும்; அவருக்கு வராது. பாட்டில் திரும்பத் திரும்ப வரும் 'நுங்கித்தா' (விழுங்கிற்று) என்ற சொல்லை அவர் வாயில் கவனியுங்கள். அந்த வல்லொற்றில் ஓங்கி அழுத்தி இறங்குவார், எதையோ உண்மையிலேயே விழுங்கி முடித்தவர் மாதிரி. அதனால்தான் கடைசிச் சரணத்துக்காக அவர் குரலைக் குழைத்துக்கொள்ள வேண்டியதில்லை. கோழிக்குக் கொடுத்த அதே அழுத்தம் குருவின் பாதத்துக்கும். பக்தி வந்துவிட்டது என்று அறிவிக்காமலே வந்து நிற்கிறது.

1990-இல் டி.எஸ். நாகாபரணா எடுத்த 'சந்த சிசுநாள ஷரீஃபா' படத்துக்கும் அஸ்வத்தான் இசை. ஷரீஃபாக ஸ்ரீதர், கோவிந்த பட்டராக கிரீஷ் கார்னாட். நகரத்து வீடுகளுக்குள் ஷரீஃப் நுழைந்ததில் அந்தப் படத்துக்கும் அஸ்வத்தின் கேசட்டுகளுக்கும் பெரும் பங்கு. ஷரீஃபை ஷிவமொக்கா சுப்பண்ணாவும் பாடியிருக்கிறார். 'காடு குதுரெ' படப் பாட்டுக்காகத் தேசிய விருது வாங்கிய குரல் அது. புகுந்த வீடு போகும் பெண்ணைத் தேற்றும் 'அளபேட தங்கி' பாட்டை அவர் பாடிக் கேட்கவேண்டும். அதுவும் தங்கையை அழைக்கிற பாட்டுதான். இங்கே அஸ்வத்தின் முரட்டுத்தனம் உதவாது, சுப்பண்ணாவின் அடக்கம் உதவுகிறது.

பிறகு பாடகர் ரகு தீட்சித். 2008-இல் வந்த முதல் ஆல்பத்தில் ஹூக்காவை வைத்து ஷரீஃப் கட்டிய 'குடுகுடியா'. 2013-இல் வந்த 'ஜக் சங்கா'வில் 'கோடகன கோளி'. கிதாரும் டிரம்சும் சேர்ந்துகொள்ள, கால் தன்னால் தாளம் போடும். அஸ்வத்தின் பக்தர்கள் சிலருக்கு இது ஆகாது. எனக்கு அந்தக் கோபம் இல்லை. வடகர்நாடகக் கிராமத்தில் ஏகதாரி மீட்டிப் பாடுகிறவருக்கு அஸ்வத்தின் ஆர்கெஸ்ட்ராவும் ஆடம்பரமாகத்தான் பட்டிருக்கும். என் குறை வேறு. ரகுவிடம் பல்லவி கூட்டத்தின் கைக்குப் போய்விடுகிறது. விழுங்கல்கள் எல்லாம் ஒரே குஷியில் ஓடுகின்றன. சரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வந்த அந்தப் படிக்கட்டு தட்டையாகிவிட, குருவின் பாதம் வந்ததே பலருக்குத் தெரிவதில்லை. 'குடுகுடியா' அப்படி இல்லை. அதில் அவர் அவசரப்படாமல் புகையவிடுகிறார். இரண்டில் எதை எடுப்பாய் என்றால் நான் ஹூக்காவைத்தான் எடுப்பேன். கோழி அஸ்வத்திடமே இருக்கட்டும்.