எந்தத் தேன் வாங்குவது?

கடை அலமாரியில் எல்லாத் தேனும் ஒன்றுபோலத்தான் மின்னும். நாக்கில் வைத்தால்தான் வேறுபாடு தெரியும்.

குமரி மாவட்டத்துப் பெட்டித் தேனில் பெரும்பகுதி ரப்பர் தேன். இது பூவிலிருந்து வருவதில்லை. இலை உதிர்ந்த ரப்பர் மரம் தை, மாசியில் துளிர்க்கும்போது, மூன்று சிற்றிலைகள் கூடும் காம்பு நுனியில் சுரக்கும் இனிப்பைத்தான் தேனீ உறிஞ்சுகிறது. வெளிர்நிறம், மென்மையான இனிப்பு. பாலில் கலக்க இதுவே போதும்.

பாறை இடுக்கில் பெரிய அடை கட்டும் மலைத்தேனீயின் தேன் வேறு ரகம். நீலகிரிக் குறும்பர்கள் கொடியேணியில் தொங்கி எடுப்பது இது. பல காட்டுப் பூக்களின் மணம், கருமை, தொண்டையில் லேசான கரகரப்பு.

என் மனம் சாய்வது கொசுத்தேன் பக்கம். கொட்டத் தெரியாத சின்னஞ்சிறு கொசுத்தேனீ, பிசினும் மெழுகும் குழைத்துச் செய்த குட்டிக் குடங்களில் சேர்ப்பது. கொஞ்சம் நீர்த்திருக்கும், முதலில் புளிப்பு, பின்னால் இனிப்பு, கடைசியில் பிசின் வாசம். ஒரு கூட்டில் ஆண்டுக்குச் சில நூறு கிராம்தான் கிடைக்கும், அதனால் விலையும் அதிகம். அந்த விலை நியாயமானதே.

இன்னொன்று. தேன் உறைந்துவிட்டால் சர்க்கரைப்பாகு என்று எறிந்துவிடாதீர்கள். நல்ல தேனும் உறையும். வெதுவெதுப்பான நீரில் பாட்டிலை வையுங்கள், இளகிவிடும்.