போதும் என்று சொல்லும் கருவி

பெட்டிக்குள் பலகைகளாக வந்து வீட்டுக்குள் அலமாரியாக எழும் சாமானுக்கு உளி வேண்டாம், இழைப்புளி வேண்டாம், ரம்பமும் வேண்டாம். அளப்பதும் அறுப்பதும் துளைப்பதும் தொழிற்சாலையிலேயே முடிந்துவிட்டன. பக்கப்பலகையை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். 5 மில்லிமீட்டர் துளைகள் மேலிருந்து கீழ்வரை ஒரே வரிசையாக நிற்கும். ஒன்றின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 32 மில்லிமீட்டர். ஐரோப்பிய அலமாரித் தொழில் தனக்கென்று வகுத்துக்கொண்ட அளவு அது. இத்தனை துல்லியத்தையும் இயந்திரம் செய்து கொடுத்துவிட்ட பிறகு நம் கைக்கு மிஞ்சுவது இறுக்கும் வேலை மட்டும்.

1859-இல் மைக்கேல் தோனெட் கொண்டுவந்த 14-ஆம் எண் நாற்காலியும் இப்படித்தான் பயணம் போனது. ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள். வளைத்த மரத்துண்டுகள் ஆறு, திருகுகள் பத்து, நட்டுகள் இரண்டு சேர்ந்தால் ஒரு நாற்காலி. போய்ச் சேர்ந்த ஊரில் இருப்பவர் செய்ய வேண்டியது, அந்தப் பத்துத் திருகையும் சரியாக முடுக்குவதுதான்.

தோனெட்டின் பீச் மரம் நாரோடு இருந்தது. கொஞ்சம் அதிகமாக முடுக்கினாலும் தாங்கியிருக்கும். இன்றைய பலகை பெரும்பாலும் பார்ட்டிக்கிள் போர்டு. மரச்சில்லும் தூளும் பசையும் சேர்த்து அழுத்தியது. நார் இல்லாததால் திருகின் மரை ஒருமுறை பலகையை அரைத்துவிட்டால் அந்தத் துளை பிறகு எதையும் பிடிக்காது. ஆகவே இந்த வேலைக்கு வலிமையான கருவியைவிட, எங்கே நிறுத்த வேண்டும் என்று கைக்கு உணர்த்தும் கருவியே உயர்ந்தது. வீணை வாசிப்பவர் பிருடையைத் திருப்பும்போது விரலில் இருக்கும் கவனம் இங்கேயும் வேண்டும்.

அந்தக் கவனத்துக்கு முதல் துணை ஆலன் கீ. அறுகோணக் கம்பியை ஒரு முனையில் மடித்தது, அவ்வளவுதான் உருவம். அந்த மடிப்புக்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. நீண்ட கையைத் திருகின் குழிக்குள் விட்டு, குட்டைக் கையை விரல் நுனியால் சுழற்றினால் போல்ட் விறுவிறுவென்று இறங்கும். இறங்கி நின்றதும் கம்பியைத் தலைகீழாக்கி, குட்டைக் கையை உள்ளே விட்டு நீண்ட கையைப் பிடித்தால் நெம்புகோலின் பலம் கிடைக்கும். கால் சுற்றோ அரைச் சுற்றோ போதும். வேகத்துக்கு ஒரு கை, பலத்துக்கு ஒரு கை என்று ஒரே கம்பி பிரித்து வைத்திருக்கிறது.

சாமானோடு வரும் கம்பியே பல நேரம் போதுமானது. ஆனாலும் 1.5 முதல் 10 மில்லிமீட்டர் வரையுள்ள ஒரு செட் வாங்கி வைப்பது நல்லது. 4, 5 மில்லிமீட்டர் கம்பிகளுக்குத்தான் அதிக வேலை. வாங்கும்போது மில்லிமீட்டர் செட்தானா என்று பார்த்துவிடுங்கள். இஞ்ச் செட்டில் உள்ள 3/16 அளவு 4.76 மில்லிமீட்டர். 5 மில்லிமீட்டர் குழிக்குள் அது போகும், திரும்பவும் செய்யும். இடையில் இருக்கும் அந்தக் கால் மில்லிமீட்டர் இடைவெளி குழியின் ஆறு மூலைகளையும் மெல்ல மெல்ல மழுக்கிவிடும். நீண்ட கையின் முனையில் சின்ன உருண்டை வைத்த வகையும் உண்டு. பலகை குறுக்கே நின்று நேராகப் பிடிக்க முடியாத மூலையில், சாய்த்துப் பிடித்தே அதைச் சுழற்றலாம். உருண்டைக்குக் கீழே கழுத்து மெலிந்திருப்பதால் கடைசி முடுக்கலுக்கு மட்டும் மறுமுனையைப் பயன்படுத்த வேண்டும்.

அடுத்தது ஸ்டார் திருப்புளி. கடையில் ஸ்டார் என்று கேட்டால் வருவது பெரும்பாலும் பிலிப்ஸ் வகை. அலமாரிக் கீல்களோடும் இழுப்பறைத் தண்டவாளங்களோடும் வரும் திருகை உற்றுப் பாருங்கள். கூட்டல் குறிக்கு நடுவே நான்கு மெல்லிய கோடுகள் சாய்வாகத் தெரிந்தால் அது போசிடிரைவ். பிலிப்ஸ் முனையின் பக்கங்கள் கூம்பிப் போவதால் விசை கூடும்போது முனை மேலெழும்பி நழுவும். போசிடிரைவ் முனையின் பக்கங்கள் நேர். நான்கு இடுக்குகளிலும் கூடுதலாக ஒரு விளிம்பு. திருகுக்குள் வைத்ததும் ஆடாமல் உட்காரும். தண்டில் PZ2 என்று பொறித்த ஒரு திருப்புளி இருந்தால் இத்தகைய திருகுகள் பெரும்பாலானவற்றுக்குப் போதும். கைப்பிடி உள்ளங்கையை நிறைக்கும் பருமனில் இருக்கட்டும்; பிடி நிறைந்திருந்தால் இறுக்கம் ஏறுவது கையில் தெளிவாகத் தெரியும்.

அந்தத் தெளிவு மிகவும் வேண்டிய இடம் வட்டப் பூட்டு. சாதாரணமாக 15 மில்லிமீட்டர் விட்டமுள்ள துத்தநாகக் கலவை வில்லை அது. முகத்தில் ஓர் அம்புக்குறி, வயிற்றுக்குள் சுருண்டு போகும் ஒரு பள்ளம். ஒரு பலகையிலிருந்து வரும் ஊசியின் தலை, அம்பு காட்டும் வாய் வழியே உள்ளே போகும். வில்லையை ஏறத்தாழ அரை வட்டம் திருப்பினால் பள்ளம் அந்தத் தலையைக் கவ்வி உள்ளிழுக்கும். இரண்டு பலகைக்கும் நடுவே இருந்த கோடு கண்ணெதிரே மறையும். அந்தக் கணத்தில் திருப்புளி கனக்கும். அதுதான் போதும் என்ற சொல். அதைத் தாண்டித் திருப்பினால் வில்லையின் உதடு உடையும், இல்லையென்றால் ஊசி பலகையைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வரும்.

மரக்குச்சிகளைச் செருகும் முன் ஒன்றை விரலில் உருட்டிப் பாருங்கள். 8 மில்லிமீட்டர் பருமன், உடல் முழுக்க நீளவாட்டில் வரிகள். குச்சி உள்ளே போகும்போது துளையில் அடைபட்ட காற்றும் மிகுதிப் பசையும் வெளியேற வைத்த வழிகள் அவை. முனைகளைச் சற்றுச் சீவியிருப்பார்கள், வாயில் இடிக்காமல் நுழைய. இதற்கு ஏற்றது ரப்பர் சுத்தியல். அதிலும் வெள்ளை ரப்பர். கருப்பு ரப்பர் வெளிர்ப்பலகையில் தடம் பதிக்கும். இரும்புச் சுத்தியல்தான் இருக்கிறது என்றால் நடுவில் ஒரு கட்டையை வைத்துத் தட்டலாம். குச்சி அடியைத் தொட்டதும் தட்டும் ஓசை மாறும். காதும் ஒரு கருவியாகும் இடம் அது.

மின்திருப்புளி வாங்குவதானால் வேகத்தைப் பார்க்க வேண்டாம். முகப்பில் எண்கள் பொறித்த வளையத்தைப் பாருங்கள். குறித்த விசை வந்ததும் டக் டக் என்று விட்டுக்கொடுக்கும் ஏற்பாடு அதற்குள் இருக்கிறது. மிகக் குறைந்த எண்ணில் தொடங்கி, திருகின் தலை பலகையோடு சமமாகும்வரை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். வட்டப் பூட்டுக்கும் கடைசிச் சுற்றுக்கும் கையே நல்லது. இடித்து இடித்து முடுக்கும் இம்பாக்ட் வகை இந்தப் பலகைக்கு ஒத்துவராது.

இனி அளவு நாடா. சட்டம் எழும்பியதும் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு அளந்து, மறு குறுக்கையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றானால் மூலைகள் செங்கோணம். அதன் பிறகே பின்தகடு. அட்டைபோல் மெலிந்த அந்தத் தகடுதான் அலமாரி பக்கவாட்டில் சாயாமல் காக்கிறது. கோணலாக நிற்கும்போது அடித்துவிட்டால் கோணலையே காக்கும். சின்ன ஆணிகளை ஒரு அட்டைத்துண்டில் குத்தி நிறுத்தி அடித்தால் விரல் தப்பும். அலமாரியை நிமிர்த்தியபின் மேலே ரசமட்டம் வைத்துத் தரையின் வாட்டத்துக்கு ஏற்பக் கால்களைச் சரிசெய்யுங்கள். உயரமான அலமாரியைச் சுவரோடு பிணைக்காமல் விடவே கூடாது, குழந்தை ஏறக்கூடிய வீட்டில் குறிப்பாக. அந்த ஒரு வேலைக்கு மட்டும் ஹேமர் டிரில் ஒன்றை இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

ஆக ஒரு ஆலன் கீ செட், ஒரு PZ2 திருப்புளி, ஒரு வெள்ளை ரப்பர் சுத்தியல், நாடா, ரசமட்டம். சின்னப் பைக்குள் அடங்கும் இவற்றை நல்ல தரத்தில் வாங்குவதற்குப் பெரிய காரணம் ஒன்று உண்டு. இந்தச் சாமானின் தனிச்சிறப்பே மறுபடியும் பலகைகளாகப் பிரியக்கூடியது என்பதுதான். வாடகை வீடு மாறும் குடும்பத்துக்கு அது பெரிய வசதி. குச்சிக்குப் பசை போடாமல், மூலை மழுங்காமல், மரை அரையாமல் அளவாக முடுக்கிய அலமாரி மட்டுமே அப்படிப் பிரிந்து அடுத்த வீட்டில் அதே உறுதியோடு எழும். இறுக்கும்போது காட்டிய நிதானம், கழற்றும் நாளில் முழுதாகத் திரும்பக் கிடைக்கிறது.