பொதியிலும் முதியோரும்

பாழ்பட்ட நாட்டைக் காட்ட இடிந்த மதிலையும் எரிந்த வயலையும் பாடுதல் புலவர் வழக்கு. புறநானூறு 52ஆம் பாட்டில் மருதனிளநாகனார் காட்டுவது வேறு. கூடகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதியின் பகைவர் நாட்டில், தூணில் உறைந்த கடவுள் நீங்கப் பொதியில் பாழாகிறது. நரைத்த முதியோர் சூதாடிய இடத்துக் குழிகளில் கானக்கோழி முட்டையிடுகிறது.

இதனை அழிவின் அடையாளம் என்று மட்டும் கூறிச் செல்லுதல் போதாது. அக்குழிகள் எவரும் திட்டமிட்டு வெட்டியவை அல்ல. முதியோர் காய் வைத்து வைத்துக் குழிந்தவை. ‘குழிந்த’ என்னும் சொல்லின் திறம் இதுவே. பொதியிலைப் பயன்கொண்டோரே அதனை உருவாக்கியோரும் ஆவர். அவர் அகன்றமையைக் கூறவே, நாடு காடானமை விளங்கிவிடுகிறது.

பழந்தரை பழகப் பழகக் குழிந்தது. இன்றைய சிமெண்டோ ஒரே நாளில் இறுகிவிடும். ஆதலின் முதியோர் கருத்தை முன்னரே கேட்டல் வேண்டும். உலகச் சுகாதார நிறுவனம் 33 நகரங்களில் முதியோரையும் கேட்டறிந்தே, முதியோர்க்கேற்ற நகர் பற்றிய வழிகாட்டி நூலை 2007இல் வெளியிட்டது. மெர்கோங்கிலாயினும் தோட்டப்புறத்திலாயினும், திடல் திறக்கும் நாளில் முதியோர்க்கு மாலையிடுதல் சிறப்பன்று. நிழலும் இருக்கையும் எங்கே வேண்டும் என்று, இடம் அளக்கும் நாளிலேயே அவரைக் கேட்பது சிறப்பு.